வெள்ளை பூத்த ஜாடிகள்

எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருப்பவரை எல்லோரும் லென்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துத் தேய்த்தே அறுபதைத் தாண்டியவர். கட்டைவிரல் ரேகை முழுக்கத் தேய்ந்து வழவழவென்று இருக்கும். "நான் கொலையே பண்ணினாலும் போலீஸ்காரனால கண்டுபிடிக்க முடியாது மாப்ளே" என்பார். கரப்பான்பூச்சியை அடிக்கக்கூடக் கை வராத ஆள்.

நான் கீழே ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அவர் என்னை மாப்ளே என்பார், நான் அவரை மாமா என்பேன். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. ஒரே மாடிப்படியில் வருஷக்கணக்காக ஏறி இறங்கியதில் ஒட்டிக்கொண்ட உறவு அது.

மாமா பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. பக்கத்தில் யாராவது புகை விட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஆறு கண்ணாடி ஜாடி நிறையப் பைப் புகையிலை இருந்தது. எல்லாம் அவருடைய அண்ணனுடையது.

அண்ணன் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியது அவர்தான். வாயில் பைப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. போகிற துறைமுகத்தில் எல்லாம் நல்ல புகையிலையாகத் தேடி வாங்குவார். கப்பலின் சூட்டிலும் ஈரத்திலும் அது கெட்டுப்போகும் என்பதால், ஒருமுறை ஊருக்கு வந்தபோது அத்தனையையும் ஜாடிகளில் போட்டு அடைத்துத் தம்பி வீட்டில் வைத்துவிட்டுப் போனார். காற்றுப் புகாமல் மூடி, குளிர்ச்சியான இருட்டில் வருஷக்கணக்காக விட்டுவிட்டால் புகையிலையில் காரம் அடங்கி இனிப்பு ஏறுமாம். நிறமும் கறுத்துக்கொண்டே போகுமாம். நமக்கு ஊறுகாய் தெரியும், இது யாருக்குத் தெரியும்?

"திறக்காத. வெயில் படவிடாத. உனக்கு வேலை அவ்வளவுதான்" என்று தம்பியிடம் சொன்னாராம். "கப்பல விட்டு இறங்கினதும் நேரா இங்கதான் வருவேன். பால்கனியில ரெண்டு நாற்காலியப் போட்டு உக்காருவோம். நான் இதப் புடிப்பேன், நீ பக்கத்துல உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டே இரு."

இந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் லென்ஸ் மாமா இருபது வருஷம் ஓட்டினார்.

வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் படுக்கையறைச் சுவரில் பதித்த அலமாரி. அந்தச் சுவரில் எந்தப் பக்கத்திலிருந்தும் வெயில் படாது. ஆறு ஜாடிகளும் அதற்குள் போய் உட்கார்ந்தன. வேறு எதையும் அதில் வைக்கவிடமாட்டார், வாசனை ஏறிவிடும் என்று. அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அதற்காக அவரைக் கிழிக்காத நாள் கிடையாது.

"என் புடவைக்கு ஒரு மூலை இல்ல. உங்கண்ணன் குப்பைக்கு மட்டும் ராஜ மரியாதை!"

"அவர் வந்துட்டா அலமாரி உனக்குத்தான்."

"அந்த ஆளு வர்றதுக்குள்ள எனக்குப் புடவை கட்டற வயசே போயிடும்."

சொன்னபடியே ஆயிற்று. அத்தை போய்ச் சேர்ந்தபோது அவருடைய புடவைகள் கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டியில்தான் இருந்தன. பிள்ளை குட்டியும் கிடையாது. அதன்பிறகு அந்த வீட்டில் மாமாவும் ஜாடிகளும்தான்.

கோடைக்காலம் வந்தால் கடைக்கு வந்து என் தெர்மாமீட்டரை இரவல் கேட்பார். நான் ஃபிரிட்ஜுக்குள் வைத்துப் பார்க்கிற தெர்மாமீட்டர் அது. அலமாரிக்குள் வைத்து எத்தனை காட்டுகிறது என்று பார்ப்பார்.

"என்ன மாமா, புகையிலைக்குக் காய்ச்சலா?"

"நக்கல் பண்ணாத. நேத்தவிட ஒரு புள்ளி ஏறியிருக்கு." ஈரத்துணியை அலமாரிக் கதவின் வெளிப்பக்கம் தொங்கவிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

அண்ணன் கப்பலை விட்டு இறங்கினார். ஆனால் வரவில்லை. வெளிநாட்டில் மகள் வீட்டோடு தங்கிவிட்டார். போனில் கேட்டால், "பதம் ஏறட்டும்டா, அவசரம் என்ன?" என்பார். இந்த வருஷம் என்பார், அடுத்த வருஷம் என்பார். மாமா எங்களிடம் வந்து, "அண்ணன் புகையிலைய விட்டுட்டு எங்க போயிடுவாரு? வந்துதானே ஆகணும்" என்பார். தன்னை விட்டுவிட்டு எங்கே போவார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசியில் ஒருநாள் போன் வந்தது. மாமா படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கி வந்தார். "அடுத்த மாசம் வர்றாருடா! சரிப்பட்டா இங்கயே இருந்துடறேன்னு சொல்றாரு. அவர் வாயாலயே சொன்னாரு!" பால்கனிக்கு வெள்ளை அடித்தார். சாய்ந்து உட்காரும் மாதிரி இரண்டு நாற்காலி வாங்கினார். தகரப்பெட்டியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு அண்ணனுக்குப் படுக்கையறையை ஒழித்தார்.

அண்ணன் வருவதற்கு நாலைந்து நாள் முன்பு டார்ச் அடித்து ஜாடிகளைப் பார்த்திருக்கிறார். கறுத்துப்போன புகையிலையின் மேலெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளை. ஆறு ஜாடியிலும்.

மறுநாள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போன என் மனைவி ஓடிவந்து, "உங்க மாமா மேல என்னமோ கடை விரிச்சிருக்காரு, போய்ப் பாருங்க" என்றாள். போனேன். மாடிப்படியின் கடைசி வளைவிலேயே வாசனை ஆளைத் தூக்கியது. உலர்ந்த திராட்சையையும் வெல்லத்தையும் சேர்த்துக் காய்ச்சின மாதிரி. நான் புகையிலைக்கு மூக்கைப் பிடிக்கிறவன், அங்கே நின்று இரண்டு தடவை மூச்சை இழுத்தேன். கொளுத்துகிற வெயிலில் வெள்ளைப் போர்வை விரித்து, அத்தனை புகையிலையையும் அதில் பரப்பி வைத்திருந்தார். லென்ஸ் துடைக்கிற மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளையை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். தலையில் ஒரு துண்டு. கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"பூஞ்சை புடிச்சிடுச்சு மாப்ளே. கடைசி நேரத்துல கழுத்தறுத்துடுச்சு."

"எல்லாம் போயிடுச்சா?"

"விடுவேனா? ஒண்ணு பாக்கி இல்லாம எடுத்துடுவேன். நல்லா காஞ்சிட்டா மறுபடி வராது."

இரண்டு நாள் காய வைத்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் போனபோது அந்த வாசனை இல்லை. வைக்கோல் வாசனைதான் அடித்தது.

அண்ணன் வந்தார். மாமா காட்டிய போட்டோவில் பார்த்த ஆளுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. கைத்தடி, தொளதொளத்த சட்டை, படி ஏறுவதற்குள் மூன்று தடவை நின்றார். டாக்டர் பைப்பைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். "இதுக்குன்னு ஒரு தடவ புடிப்பேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்" என்றார். மாமா என்னையும் மேலே கூப்பிட்டிருந்தார். இரண்டு நாற்காலியில் அண்ணனும் தம்பியும். நான் பால்கனிச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

கப்பல்காரர் ஜாடியைத் திறந்தார். இரண்டு விரலால் கிள்ளி எடுத்தார். அது சருகு மாதிரிப் பொடிந்து மடியில் கொட்டியது.

"ஏன்டா இது இப்படிக் காஞ்சிருக்கு?"

மாமாவுக்கு முகமெல்லாம் பெருமை. "அத ஏண்ணே கேக்கறீங்க! பூஞ்சை புடிச்சிருந்துச்சு. வெள்ளை வெள்ளையா, ஆறு ஜாடியிலயும். ஒண்ணு விடாமத் தட்டி எடுத்து, வெயில்ல போட்டு மொறுமொறுன்னு ஆக்கிட்டேன். நான் மட்டும் பாக்கலன்னா மொத்தமும் குப்பைக்குத்தான் போயிருக்கும்."

அண்ணன் கை அப்படியே நின்றது. தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த ஜாடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

"நல்ல வேளைடா" என்றார்.

பைப்பில் அடைத்துப் பற்றவைத்தார். காய்ந்த புல் மாதிரி குப்பென்று எரிந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இழுத்தார். கண்ணில் நீர் கோத்தது.

"எப்படிண்ணே இருக்கு?"

"தேன்டா. அப்படியே தேன்."

மாமா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

மறுநாள் கப்பல்காரர் தடியை ஊன்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். முக்காலியை எடுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அது பூஞ்சை இல்ல. சக்கரை. புகையிலை நல்லா பழுத்தா உள்ள இருக்கற இனிப்பு வெளிய வந்து அப்படிப் பூக்கும். அதுக்குத்தான் இருபது வருஷம் வெச்சிருந்தது."

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதாங்க?" என்றேன்.

"தெரியும். பூஞ்சைன்னா பஞ்சு மாதிரி முடி நீட்டிக்கிட்டு இருக்கும், டார்ச் அடிச்சா மங்கலா இருக்கும். சக்கரைன்னா உப்புக்கல்லு மாதிரி மின்னும். அவனுக்கு யார் சொல்லிக்குடுத்தா? திறக்காதன்னு மட்டும்தான் நான் சொன்னேன்." எழுந்து தடியை எடுத்தார். "அவன்கிட்ட சொல்லிடாத. தாங்கமாட்டான்."

ஒரு வாரம் இருந்தார். இருமல் அதிகமாகிக்கொண்டே போனது. மகள் தினமும் போன் செய்து அழுதாள். மறுபடி அவளிடமே போய்விட்டார். அந்த ஒரு பைப்புக்கு மேல் அவர் பிடிக்கவில்லை.

மாமாவுக்கு அது உறுத்தியிருக்கிறது. "தேன்னு சொன்ன மனுஷன் ஏன் மாப்ளே ஒரு தடவையோட விட்டுட்டாரு?" என்று என்னிடம் கேட்பார். "டாக்டர் சொன்னாருல்ல" என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார். அண்ணன் மறுபடி வரவேண்டும் என்றால் ஜாடியில் புதிதாக ஏதாவது இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. துறைமுகத்துப் பக்கம் இருக்கிற புகையிலைக் கடைக்குப் பஸ் ஏறிப் போனார்.

கடைக்காரன் பெருமைக்குத் தன்னிடம் இருந்த பழைய ஜாடி ஒன்றைத் திறந்து காட்டியிருக்கிறான். மேலெல்லாம் வெள்ளை. மாமா, "ஐயோ, பூஞ்சை" என்றிருக்கிறார். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறான்.

பொட்டலங்களோடு நேராக என் கடை வாசலில் வந்து நின்றார்.

"உனக்குத் தெரியுமா?"

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "தெரியும்."

"அண்ணன் சொன்னாரா?"

"சொன்னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாரு."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தெருவைப் பார்த்தபடி, "இருமி இருமி இழுத்தாரு மாப்ளே. நான் எதிர்ல உக்காந்து இளிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அப்புறம் படி ஏறிப் போய்விட்டார்.

ஜாடிகளைக் கழுவித் துடைத்து, புதுப் புகையிலையை அடைத்தார். மூக்குக்கண்ணாடிக்குத் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் பிடித்து அதன்மேல் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "கொஞ்சம் தூக்கலாவே தெளிச்சிருக்கேன். போன தடவ காஞ்சுதானே கெட்டுச்சு" என்றார். அண்ணனுக்குப் போன் போட்டு, எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொன்னார். "இந்தத் தடவ பூத்ததும் கூப்பிடுவேன், கிளம்பி வந்துடணும்" என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "சரிண்ணே, சரிண்ணே" என்று வைத்தார். எழுபதை நெருங்குகிறவர் எண்பதை நெருங்குகிறவருக்காகப் புகையிலை பழுக்க வைக்கிறார். கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கே மனசு வரவில்லை.

இதற்கிடையே அவர் கண்ணில் புரை விழுந்தது. கடையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். "ஊரு கண்ணுக்கெல்லாம் லென்ஸ் போட்டீங்க, உங்க கண்ணுக்கு ஒண்ணு போட்டுக்க மாட்டீங்களா?" என்று நான் கத்துவேன். "ஆபரேஷன்னா பத்து நாள் படுக்கணுமாம். ஜாடிய யாரு பாக்கறது?" என்பார். பார்த்தும் ஒன்றும் தெரியாத நிலைமையிலும் வாரம் ஒருமுறை டார்ச் அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

போன வாரம் ஒரு காலை. கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கி வந்தார். செருப்பு போடவில்லை.

"அண்ணன் போயிட்டாரு. மக போன் பண்ணினா."

அவர் தோளைப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, "மேல வா. ஒண்ணு பாக்கணும்" என்றார்.

அலமாரியைத் திறந்து டார்ச்சை என் கையில் கொடுத்தார். "முதல் ஜாடியில வெள்ளையா என்னமோ தெரியற மாதிரி இருக்கு. ஒரு வாரமா இருக்கு. எனக்கு மங்கலா இருக்குடா. நீ பாத்துச் சொல்லு. சக்கரையா, பூஞ்சையா?"

குனிந்து வெளிச்சம் அடித்தேன். ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் எத்தனை வருஷமாகச் சுரண்டி எடுத்த சமாச்சாரம் அது, எனக்குத் தெரியாதா? அடியிலிருந்து கழுத்து வரைக்கும் பஞ்சு பஞ்சாக முடி நீட்டிக்கொண்டிருந்தது. ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் மினுமினுப்பு இல்லை. அடுத்த ஜாடியும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

முதுகுக்குப் பின்னால் அவர் ஒரு அடி நெருங்கி வந்தார்.

"மின்னுதாடா?"

"மின்னுது மாமா" என்றேன். "சக்கரைதான்."

அவர் தடவிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா அந்த மனுஷன்" என்றார்.

நான் டார்ச்சை அணைத்தேன். ஜாடியை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

"திறந்துடாத மாப்ளே. அப்படியே இருக்கட்டும்."

"திறக்கல மாமா" என்று சொல்லி அலமாரிக் கதவைச் சாத்தினேன்.