பாடு நோட்டில் ஏழாவது பெயர்

“பொம்பளப் புள்ள மேடம். மூணு கிலோ நூறு கிராம்.”

வக்கீல் ரோஸ்மேரி இதைக் கேட்கவில்லை. அவர் கேட்டது, “அன்னிக்கு உங்க படகுல இருந்தது யாரு?” என்று.

பொன்னேரி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் அவருடைய ஆபீஸ். நேற்று காலை நானும் என் மகன் மோகன்குமாரும் அங்கே போயிருந்தோம். எனக்குப் பேத்தி பிறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. யாரைப் பார்த்தாலும் எடையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று சொன்னது அதனால் மட்டும் இல்லை.

“சந்தோஷம் ஐயா. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“இவன் இல்ல மேடம். சத்தியமா இல்ல.”

“இவர் இல்லன்னு எனக்கும் தெரியுது. யாரு இருந்தாங்க?”

மோகன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஏரியில் இறால் பிடிக்கும் முறையைப் பாடு என்போம். எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டு ஊர் நோட்டில் எழுதி வைப்பார்கள். நோட்டில் பெயர் இல்லாதவன் அங்கே வலை கட்ட முடியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் என் வலது தோள் இறங்கிவிட்டது. கழி பிடித்துப் படகு தள்ள முடியவில்லை. சும்மா விட்டால் பாடு போய்விடும். மோகனுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. கல்யாணமாகாத பையன் பெயரை ஊரில் சேர்க்க மாட்டார்கள். நான் மூன்று கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டு, என் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரை எழுத வைத்தேன். அவன் கேட்கவில்லை. அவன் பொன்னேரிக்கு நீட் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தான். பஸ்ஸில் எலும்புகளின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே வருவான் என்று கண்டக்டர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவன் பெயரில் ஏரிக்குப் போனது என் மருமகன் பச்சைமுத்து. வெளியூரிலிருந்து வந்து என் மகள் செவ்வந்தியைக் கட்டியவன். வெளியூர் மாப்பிள்ளைக்கு எங்கள் நோட்டில் இடம் கிடையாது. அதனால் பெயர் மோகனுடையது, உழைப்பு பச்சைமுத்துவுடையது. ஊருக்கே தெரியும். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

அடுத்த தை மாசம் பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் இடத்தில் வலை கட்டினார்கள். வாய்ப்பேச்சு கைகலப்பாகி, கழிகளைத் தூக்கிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு மண்டை உடைந்து, ஒரு காது கேட்காமல் போய்விட்டது. யார் அடி அது என்று தெரியாது. பச்சைமுத்து கையிலும் கழி இருந்தது.

போலீஸ் வந்து பெயர் கேட்டது. யார் அடித்தது என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஊர்த்தலைவர் நோட்டைப் பிரித்து, அன்றைய பாடு யார் யாருக்கோ அந்த ஏழு பேரையும் வாசித்துவிட்டார். ஏழாவது, மோகன்குமார், தகப்பனார் கங்காதரன். கங்காதரன் நான்தான்.

தலைவரிடம் ஓடினேன். “அண்ணே, எம்புள்ள பொன்னேரில பரீட்ச எழுதினு கீறான்ணே.”

“நோட்டுல இருக்கறவன்தான் ஏரில இருந்தான், கங்காதரா. நோட்டே பொய்யின்னு நாமளே சொன்னா, நாளைக்கு எவன் பாடு எவனுதுன்னு யாரு சொல்றது? இல்ல, வேற யாரு இருந்தான்னு நீயே சொல்லிடு.”

செவ்வந்திக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு மாசம். நான் சொல்லவில்லை. சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கிய மோகனிடம் விஷயத்தைச் சொன்னோம்.

“மாமா பேர சொல்லாத நைனா. ஏழு பேருல நானும் ஒருத்தனா இருந்துட்டுப் போறேன். சீக்கிரம் முடிஞ்சிடுமில்ல?” என்றான். பச்சைமுத்துவை அவன் மாமா என்றுதான் கூப்பிடுவான்.

முடிந்துவிடும் என்றேன். எனக்கு என்ன தெரியும்.

பதினோரு நாள் உள்ளே இருந்தான். வெளியே வந்த பிறகு, வீட்டில் யாராவது “மோகன்” என்று கூப்பிட்டால் எழுந்து நின்று, “மோகன்குமார், தகப்பனார் கங்காதரன்” என்பான். ஒரு மாசம் அப்படி இருந்தான். பிறகு அதுவும் நின்றுவிட்டது. என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருக்கும். கோபமும் இல்லை. வாய்தாவுக்கு ஏழு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போவார்கள். மற்றவர்கள் அவனை ஏழாவது டாக்டர் என்பார்கள்.

“டாக்டரே, இடுப்பு புடிச்சிக்கிச்சி. இன்னா மாத்தர போடலாம்?”

“மொதல்ல எம் மடி மேல குந்தாத. தானா சரியாப்பூடும்.” சிரிக்காமல்தான் சொல்வான்.

இந்த வருஷம் மூன்றாவது தடவை எழுதிய நீட்டில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் அவனுக்கு இடம் கிடைத்தது. போனைப் பார்த்துவிட்டு “வந்துச்சி” என்றான். பிறகு போய் இறால் கூடைகளைக் கழுவினான். தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். கல்லூரியில் கொடுத்த காகிதக் கட்டில் ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா? ஆம், இல்லை. கீழே மாணவர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து. இன்றைக்குள் கொடுக்க வேண்டும்.

அதற்குத்தான் நேற்று வக்கீலிடம் போனோம்.

“இல்லன்னு போட்டு, பின்னாடி தெரிஞ்சா சீட்டு போயிடும். மூணாவது வருஷத்துல கூடப் போகலாம்,” என்றார் மேடம். “ஆமான்னு போட்டா, தண்டனை இல்ல, விசாரணைதான் நடக்குதுன்னு சொல்லிக் கேக்கலாம். சேத்துக்கவும் செய்வாங்க, நிறுத்தி வெக்கவும் செய்வாங்க. அது அவங்க முடிவு. நல்ல வழி ஒண்ணு இருக்கு. அன்னிக்குப் பயிற்சி மையத்துல இவர் போட்ட கையெழுத்து இருக்கு. அத வெச்சு ஐகோர்ட்டுல மனு போட்டுப் பேர எடுக்கலாம். ஆனா அங்க மொதல் கேள்வியே நான் கேட்டதுதான். படகுல யாரு இருந்தாங்க?”

அப்போதுதான் நான் பேத்தியின் எடையைச் சொன்னேன். அவளுடைய அப்பன்தான் பச்சைமுத்து.

மதியம் வீட்டுக்கு வந்தோம். பச்சைமுத்து வாசலில் வலையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரித்ததையே திரும்பவும் பிரித்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், நான் ஸ்டேஷனுக்குப் போயி, நான்தான்னு சொல்லிர்றேன்.”

“சொல்லி?” என்றான் மோகன்.

“உம்பேரு போயிடும்ல.”

“உம்பேரு வரும். அந்தாளு காது போனதுக்கு நீதான்னு எழுதிக்குவாங்க. இத்தினி நாளு மறச்சதுக்கு நைனாவயும் சேத்துக்குவாங்க.”

உள்ளேயிருந்து செவ்வந்தியின் குரல் வந்தது. “ஏன், எல்லாரும் போங்களேன். மூணு பேருக்கும் நான் சோறு எடுத்தாறேன். வர்ற வழில புள்ள பேரையும் நோட்டுல எழுதிட்டு வரட்டா?”

குழந்தை அழுதது. நான் போய் எடுத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து பச்சைமுத்து அதைத் தூக்கவில்லை. “கையெல்லாம் எறா நாத்தம் மாமா, அப்பால தூக்கறேன்” என்று என்னிடம் சொல்கிறான். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தும் அதையேதான் சொல்கிறான். குழந்தை என் வலது கை விரலைப் பிடித்தது. தோள் போனதிலிருந்து அந்தக் கையில் எனக்குத் தொட்டால் சரியாகத் தெரிவதில்லை. இடது கை விரலைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டது. நல்ல பிடி.

“இல்லன்னு போட்டுடு மோகன். யாரு தேடப் போறாங்க?” என்றேன்.

“கோர்ட்டு கம்ப்யூட்டர்ல எம்பேர தட்டினா வந்துரும் நைனா.”

“ஆமான்னு போட்டு, அவங்க சேத்துக்கலன்னா?”

“சேத்துக்கலன்னா சேத்துக்கல.” வேறு யாருடைய சீட்டையோ பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

இன்று காலை மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஆம் என்ற இடத்தில் டிக் போட்டான். வழக்கு எண்ணைப் பார்க்காமலே எழுதினான். விசாரணை நிலுவையில் உள்ளது, தண்டனை இல்லை என்று எழுதி நிறுத்திக்கொண்டான்.

“நீ அன்னிக்கு அங்க இல்லன்னு எழுதலியா?”

“எழுதினா அடுத்த கேள்வி வரும்.”

பேனாவை என்னிடம் நீட்டினான். எனக்குக் கையெழுத்துப் போட நேரமாகும். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. நான் கடைசி எழுத்தைப் போட்டு முடித்ததும் காகிதத்தை ஊதிக் காயவைத்து, பைக்குள் வைத்தான். கல்லூரியில் என்ன சொல்வார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் அவன் வந்தால்தான் தெரியும்.

பச்சைமுத்து மோகனின் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான், பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்று. மோகன் பையை அவனிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். பச்சைமுத்துவின் கை இரண்டையும் பிடித்து ஒரு தடவை தன் முகத்தருகே கொண்டுபோனான். பிறகு, குழந்தையோடு நின்ற என்னைப் பார்த்துச் சொன்னான்:

“நைனா, பாப்பாவ மாமா கைல குடு. நாறல, நான் மோந்து பாத்துட்டேன்.”