பத்து லட்சத்து மூன்று

செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளை முடிந்தபோது அமலி டீச்சரின் கணவர் அருளப்பன் கைப்பேசியில் அழைத்தார். "டீச்சர், அமலி போயிட்டா" என்றார்.

அமலி டீச்சர் ஆவூரில் பிறந்தவர். ஜெகதாப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டு, எங்கள் பள்ளியில் கணிதம் கற்பித்தார். நான் தமிழாசிரியை. ஒன்பது ஆண்டுகள் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்திருந்தோம்.

அவர் மிகவும் பயந்த சுபாவம் உள்ளவர். அதை மறைக்கவும் மாட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன், கடலுக்குப் போன அருளப்பனின் படகு மறுநாள் காலை திரும்பவில்லை. கவிழ்ந்ததா, பிடிபட்டதா, யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் அன்றும் பள்ளிக்கு வந்துவிட்டார். ஒரு தாளில் 1000003 என்று எழுதி வகுக்கத் தொடங்கினார்.

"என்னங்க டீச்சர் இது?"

"பகா எண். எதாலயும் வகுபடாது. ஆயிரத்துக்குள்ள நூத்தி அறுபத்தெட்டு பகா எண் இருக்கு. அதுகளால வகுபடலைன்னா வேற எதாலயும் வகுபடாது."

"தெரிஞ்ச விடைதானே?"

"அதாங்க வேணும். சும்மா இருந்தா மனசு கடலுக்கே போகுது."

ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகிய மூன்று எண்களால் வகுத்தபோதும் மீதி நான்கு வந்தது. ஒவ்வொரு மீதியையும் வட்டமிட்டார். கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் பேனா நின்றது. யார் யாரோ விசாரித்தார்கள். செய்தி மட்டும் இல்லை.

மாலை நெருங்கும்போது என் கையை இறுகப் பற்றினார்.

"எண்பத்து மூணால மீதி இல்லாமப் போகுதுங்க."

"தப்பாப் போட்டிருப்பீங்க."

"தெரியும். ஆனா திரும்பப் போட்டுப் பாக்கப் பயமா இருக்கு."

பள்ளிப் படிப்பு முடிந்தபின் கணக்கையே தொடாத நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். இரண்டு முறை வகுத்தேன். மீதி பத்தொன்பது. அவரும் சரிபார்த்தார். பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் நண்பகலில் தகவல் வந்தது. கடல் எல்லை தாண்டியதாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள், படகில் போன ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்கள். டீச்சர் மேசையில் தலை சாய்த்து அழுதார். பிறகு நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து வகுத்தார். கடைசி எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு, மீதி பன்னிரண்டு. அருளப்பன் வீடு திரும்ப மூன்று மாதமானது.

சென்ற வாரம் இதய அறுவை சிகிச்சைக்கு முன் அவரை மருத்துவமனையில் பார்த்தேன். தைரியமாக இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். முந்திக்கொண்டார்.

"தைரியமா இருன்னு மட்டும் சொல்லாதீங்க டீச்சர். பக்கத்துல இருங்க, போதும்."

ஸ்ட்ரெச்சர் வரும்வரை இருந்தேன். அதன் பிறகு அவர் கண் விழிக்கவேயில்லை.

ஆவூர்க் கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் எல்லோரும் நகர்ந்தார்கள். அருளப்பன் நகரவில்லை. "அவ ரொம்பப் பயப்படுவாளே டீச்சர். தனியா எப்படி விட்டுட்டு வாரது?" என்றார். நானும் அவரருகே நின்றேன். பூமாலைகளின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

போய் வாருங்கள், அமலி டீச்சர். நாங்கள் இன்னும் சற்று நேரம் இங்கேதான் நிற்கிறோம்.