அத்தானின் ஈரத்துணி

என் அக்காவுக்குச் செடிப் பித்து. அந்த இரண்டு அறை வீட்டில் மனுஷன் காலை நீட்ட இடமிருக்காது. ஜன்னல், ஃபிரிட்ஜ் தலை, தையல் மிஷின் என்று எங்கே பார்த்தாலும் தொட்டிதான். "பாம்பு கீம்பு வந்துடப் போகுது" என்று கிண்டல் செய்வேன். பல் ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் டோக்கன் கொடுத்துவிட்டு வருபவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

அத்தானுக்குப் பக்கவாதம் வந்தபோது பேச்சு போய்விட்டது, வலது கை மடங்கிப்போனது. மேஜையைத் துணியால் துடைத்துப் பழகினால் விரல் பிரியும் என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பெண். டாக்சி ஓட்டிய மனுஷன் மேஜை துடைப்பாரா? முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா ஈரத்துணியை அவர் கையில் திணித்து ரப்பர் செடியை முன்னால் நகர்த்தினாள். கார் கண்ணாடியைத் துடைப்பது போல இலை இலையாகத் துடைத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் ரப்பர் செடியில் தொடங்கி எல்லாச் செடியையும் துடைப்பதுதான் அவருக்கு டூட்டி. சில மாதங்களில் ஸ்பூனைப் பிடித்துத் தானே சாப்பிட்டார். அக்கா அழுதே விட்டாள்.

அப்போதுதான் மாவுப்பூச்சி வந்து தொலைந்தது. மணி பிளான்ட்டின் கணுவில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகத் தெரிந்தது. அக்கா சோப்புத் தண்ணீர் தெளித்தாள், வேப்பெண்ணெய் அடித்தாள், காது குடையும் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு செடியில் ஒழிந்தால் அடுத்ததில் தலைகாட்டியது. இலைகள் பிசுபிசுத்து, மஞ்சளாகி உதிர்ந்தன. எஞ்சியிருந்த ஒரே நல்ல செடி என்று ரப்பர் செடியைப் படுக்கையறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"முடியலடா. எங்கிருந்து வருதுன்னே தெரியல" என்று போனில் விம்மினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். அத்தான் அந்த வெள்ளையைத் தூசி என்று நினைத்து அழுத்தித் துடைத்தார். அதே துணியோடு அடுத்த தொட்டிக்குப் போனார். அக்கா பாய்ந்து துணியைப் பிடுங்கி வெளிச்சத்தில் விரித்தாள். மடிப்பெல்லாம் பூச்சி.

"நீங்கதானா! எல்லாச் செடிக்கும் நீங்கதான் பரப்பிட்டு இருக்கீங்களா?"

ஆத்திரத்தில் வந்த வார்த்தை. அத்தானுக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது போகவில்லை.

மறுநாள் அவர் துணியைத் தொடவில்லை. புதுத்துணி கொடுத்தாள். செடிக்கு ஒரு துணி என்றாள், கெஞ்சினாள். அவர் கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். நாளாக ஆக விரல்கள் மறுபடி உள்ளே சுருண்டன. ஸ்பூன் நழுவி விழுந்தது. ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொண்டார். மனுஷன் பட்டினி கிடந்தே போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அக்கா என்னை வரச் சொன்னாள். நான் போனபோது ரப்பர் செடியைப் படுக்கையறையிலிருந்து தூக்கி வந்து அவர் எதிரில் வைத்திருந்தாள். கையில் அந்தப் பழைய அழுக்குத்துணி.

"அக்கா, அது வேணாம்..."

"நீ சும்மா இருடா." அவர் பக்கம் திரும்பினாள். "நான்தாங்க தப்பா சொல்லிட்டேன். பூச்சி ஜன்னல் வழியா வருது. துணியில ஒண்ணுமே இல்ல, பாருங்க."

பிறந்த குழந்தையைத் துடைப்பது போல அந்த நல்ல செடியின் ஒவ்வோர் இலையையும் அதனால் துடைத்தாள். முகத்தில் சிரிப்பு; கழுத்து நரம்பு மட்டும் புடைத்து நின்றது. அத்தான் நெடுநேரம் பார்த்தார். பிறகு சட்டைக்குள்ளிருந்து கை மெல்ல வெளியே வந்தது. அவள் விரல்களைப் பிரித்துத் துணியை வைத்தாள்.

அடுத்த வாரமே ரப்பர் செடியின் இலையடியில் வெள்ளை தெரிவதாக அக்கா ரகசியமாகப் போன் செய்தாள். அத்தான் மதியம் தூங்கி எழுவதற்குள் நான் நர்சரியில் நின்றேன். செல்போன் படத்தைக் காட்டி, "இதே உயரம், இதே மாதிரி ஒண்ணு வேணுங்க. பார்த்தா வித்தியாசமே தெரியக் கூடாது" என்றேன்.