இரண்டுக்கு மரியாதை

எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. இடுப்பில் பிரவுன் பெல்ட், மண்டையில் அதைவிடக் கனமான கர்வம். உக்குவளையில் ஒரு மிளகுக் கடையின் பின்னால், மிளகு காயப்போடும் சிமெந்துத் தரையில் பின்னேரங்களில் கராத்தே சொல்லிக்கொடுத்தேன்.

ஒருநாள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஹேண்ட்பேக்கோடு வந்து நின்றார். பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மருத்துவிச்சி. லீவில் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒருவன் தினமும் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறானாம்.

"பேக்ல ராஜினாமா எழுதி வச்சிருக்கேன் தம்பி. இங்க ரெண்டு கிழமை, பதினாலு நாள், இருப்பேன். அவன் கைய உதற மட்டும் கத்துக்குடுங்க. முடியலன்னா கடிதத்த குடுத்துட்டு வீட்டோட இருந்துருவேன்."

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. எவனோ ஒருவனுக்காக இவர் ஏன் வேலையை விட வேண்டும்?

உதை, குத்து எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒன்று என்றதும் காலை அகட்டி ஊன்ற வேண்டும். இரண்டு என்றதும், பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பிப் பிடுங்க வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜப்பான் மொழியில் எண்ணினேன்.

"இச்சி! நீ!"

அவர் அசையாமல் நின்றார். "யாரப் பாத்து 'நீ'ங்கிறீங்க? ஒங்க அக்காவுக்கும் மூத்தவ நான்."

"ஐயோ அக்கா, ஜப்பான்ல ரெண்டுக்கு 'நீ'தான்!"

"ஜப்பான்ல என்னவும் சொல்லட்டும். இங்க மரியாதையா எண்ணுங்க."

என் கர்வம் போன இடம் தெரியவில்லை. மறுநாளிலிருந்து "இச்சி, நீங்க" என்று எண்ணினேன். மற்ற மாணவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தானும் "நீங்க!" என்று கத்திக்கொண்டே பிடுங்கினார். முதல் கிழமை மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம். ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள், நான் இறுக்கிப் பிடித்தும் என் கை காலியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பஸ்ஸில் அவன் மறுபடி பிடித்தானாம். பழக்கதோஷத்தில் "நீங்க!" என்று கத்திப் பிடுங்கியதில், அவன் நிலைதடுமாறி யாரோ வைத்திருந்த கோழிக்கூடைமேல் விழுந்தானாம். கண்டக்டர் மணியடித்து பஸ்ஸை நிறுத்தி, "அம்மா மரியாதையாத்தானே சொல்றாங்க, எறங்குடா" என்றாராம்.

சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பினேன். பின்பக்கம் ராஜினாமாக் கடிதம், கையெழுத்தோடு அப்படியே இருந்தது.