லித்யாவின் முதல் தவணை

1. தொண்ணூறு ஸ்லைடுகள்

லண்டனில் ஒரு கல்லூரியின் பொருளியல் துறை அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, என் மேசை முன்னால் அழுத விரிவுரையாளர்கள் பலர். சிரித்துக்கொண்டே வந்து, “என்னை வேலையாலை நிப்பாட்டப் போறாங்களாம்” என்று சொன்னவர் லித்யா மட்டும்தான்.

லித்யா ரஷ்யாவில் பொருளியலாளர். தாராளவாதக் கட்சியொன்றின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். இராணுவச் செலவைக் கூட்டும் திட்டத்துக்கு எதிராகச் சபையில் தனியாகக் கை உயர்த்தினார். அதன்பின் அங்கே இருக்க முடியாமல் இங்கே வந்தார். எங்கள் துறை அவருக்கு ஒரு கல்வித் தவணைக்கு மட்டும் வேலை கொடுத்தது. நீடிப்புக் கிடைக்காவிட்டால் விசாவும் போய்விடும்.

வகுப்புகள் தொடங்கி நான்காம் கிழமையே மாணவர்கள் கம்ப்ளெயின்ட் எழுதிவிட்டார்கள். தொண்ணூறு ஸ்லைடு, தலை நிமிராமல் வாசிப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் தானே வந்து உட்காரப் போவதாகத் துறைத் தலைவர் ஈமெயில் அனுப்பினார்.

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். என் மனதில் பதிந்தபடி எழுதுகிறேன்.

“எலெக்‌ஷன் நேரம் சனத்துக்கும் ஸ்லைடோ காட்டினீங்கள்?” என்று கேட்டேன்.

“சீச்சீ! பிளாட் முற்றத்திலை ஸ்டூல் போட்டு ஏறி நிப்பன். பெண்கள் கடைப் பையோட வந்து, வெண்ணெய் ஏன் விலை ஏறினது எண்டு கேப்பினம். பதில் சொல்லும்வரை விடமாட்டினம்.”

“அதையே இங்கையும் செய்யுங்கோவன்.”

“இங்கை எனக்கு ஒரு கடையும் தெரியாதே.”

“எனக்குத் தெரியும்.”

2. எதிர்க்கட்சிக்கு ஒரு கதிரை

சனிக்கிழமை அவரைத் தெற்கு லண்டன் டூட்டிங்கில் நான் வழமையாகச் சாமான் வாங்கும் குகன் அண்ணையின் கடைக்குக் கூட்டிப்போனேன். லித்யா குறிப்புக் கொப்பியைத் திறந்து, கத்தரிக்காய் எங்கிருந்து வருகிறது, யார் ஏற்றுகிறார்கள் என்று தொடங்கினார். அண்ணையின் முகம் கறுத்தது.

“தங்கச்சி, இவ ஆர்? வரி ஒபிஸ் ஆளோ?”

“இல்லை அண்ணை. ரஷ்யாவிலை எம்.பி.யா இருந்தவ.”

“எந்தப் பக்கம்?”

“எதிர்க்கட்சி.”

“முதலே சொல்லக் கூடாதோ? கதிரையை எடுத்துப் போடு.”

பிறகு இரண்டு மணித்தியாலம் விமானக் கூலி, பவுண்ட் மதிப்பு இறக்கம், யாழ்ப்பாணத்து மழை என்று அண்ணைதான் விரிவுரை நடத்தினார்.

வெள்ளிக்கிழமை லித்யா லேப்டாப் கொண்டுபோகவில்லை. ஒரு கட்டு முருங்கைக்காயை மேசையில் வைத்து, “இதன் விலைக்குள் எத்தனை நாடுகள் இருக்கின்றன?” என்று கேட்டார். வகுப்பு சூடுபிடித்தது. பின்வரிசையில் இருந்த துறைத் தலைவரும் பொறுக்க முடியாமல் கை உயர்த்திப் பதில் சொன்னார்.

“பிழை. யோசித்துவிட்டு வாருங்கள்” என்றார் லித்யா.

கதவருகே நின்ற நான், நீடிப்பு போய்விட்டது என்றே நினைத்தேன். தலைவரோ விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை நீடிப்புக் கடிதத்தை நான்தான் டைப் செய்தேன்.

யாராவது வேலையில் தடுமாறினால், அவருக்கு என்ன தெரியாது என்று தேடிப் பயிற்சிக்கு அனுப்புவதுதான் எங்கள் அலுவலக வழக்கம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் செய்தேன். லித்யாவுக்குப் பிறகு, தடுமாறுபவர் எதில் கெட்டிக்காரர் என்பதை முதலில் கேட்கத் தொடங்கினேன்.