சாணி படாத வட்டங்கள்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டை மூடிவிட்டால் கடைத்தெரு முழுக்க பஸ்ஸும் லாரியும் நெல் வண்டியும் அடைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்ய எங்கள் தஞ்சாவூர் நகரமைப்பு அலுவலகத்தில் மூன்று யோசனைகள் தயாராயின. கடைத்தெருவை இருபுறமும் இடித்து அகலமாக்குவது முதலாவது. வாய்க்கால் கரையோரமாகப் புறவழிச்சாலை போடுவது இரண்டாவது. மேற்கே வயல்களை எடுத்து, பஸ் நிலையமும் மனைகளுமாகப் புது ஊரே அமைத்துவிடுவது மூன்றாவது.

அங்கே நான் வரைபடங்களைப் படியெடுக்கும் டிரேசர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். மூன்று வரைபடங்களையும் டிரேசிங் துணியில் மை போட்டு இழுத்தது நான்தான். இரண்டாம் யோசனையின் கோடு நேராக, வாய்க்கால் கரையில் நான் பிறந்து வளர்ந்த எங்கள் தெருவின் மேல் போனது. விரல் வியர்த்து அந்த இடத்தில் மை பரவிவிட்டது. சுரண்டிச் சரிசெய்தேன். வெறும் யோசனைதானே என்று சொல்லிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

கடைத்தெருவில் பாதிக் கடைகள் ஒரே மிராசுதாருடையவை. மேற்கு வயலும் அவருடையதுதான். எங்கள் தெரு இருந்த மனைக்கட்டும் ஒரு காலத்தில் அவருடையது. குடியிருப்பவனுக்கே மனைப்பட்டா என்று சட்டம் வந்த பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்புவதே இல்லை. வயலில் கூலித் தகராறு வந்தால் எங்கள் தெருவை மறித்து வாய்க்கால் பாலத்தில் போலீஸ் வேன் நிற்கும். அளக்கப்போகும் எங்கள் ஓவர்சியருக்கோ மதியச் சாப்பாடு மிராசுதார் வீட்டில். எந்த யோசனை தேறும் என்று கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை.

இரண்டாம் யோசனையில் இடிபடும் வீடுகளைக் கணக்கெடுக்க, ஒரு வியாழக்கிழமை ஓவர்சியர் ஆட்களோடு போய், பாதித் தெருவுக்குக் குறி போட்டுவிட்டு வந்தார். மறுவாரம் மீதித் தெருவுக்கு என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். தஞ்சாவூரிலேயே தங்கியிருந்ததால் நான் அந்தத் தெருக்காரன் என்று அவருக்குத் தெரியாது. ஜனங்கள் அரிவாளோடு நிற்பார்கள் என்றே நினைத்தேன்.

அப்படி யாரும் நிற்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மெழுகிய சாணி எல்லாச் சுவரிலும் காய்ந்திருந்தது. ஆனால் இடிப்பதற்கென்று போட்ட செங்காவி வட்டங்களின் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பதனமாக மெழுகியிருந்தார்கள். ஒரு வீட்டு வட்டத்தில் பூ வேறு செருகியிருந்தது. “கல்யாண ஊடு கணக்கா இருக்கே” என்று அளவுச் செயின் பிடிக்கிறவர் சிரித்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. முன்பு மனைப்பட்டாவுக்காகத் தாலுகா ஆட்கள் இதே சுவர்களில் சுண்ணாம்பால் எண் போட்டுப் போனார்கள். தெரியாமல் அதன் மேல் மெழுகிவிட்ட ஒரு குடும்பத்துக்குப் பட்டா தள்ளிப்போயிற்று. பலருக்கு இன்னும் பட்டா வராததால் இதையும் பட்டாக் குறி என்றே நம்பிவிட்டார்கள்.

தெருக்கோடியில் எங்கள் வீடு. இன்னும் குறி விழாத சுவர். அம்மா வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். என் வேலைக்கு இடைஞ்சலாகிவிடும் என்று நினைத்திருப்பாள், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் ஓவர்சியரிடம் போய் நின்றாள்.

“சார், எங்க வூட்டுக்கும் மறக்காம போட்டுடுங்க. போன வாட்டி நம்பர் போட்டப்ப வுட்டுட்டுப் போயிட்டாங்க.”

ஓவர்சியர் பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். காவி சட்டையில் சொட்டியது. வேலை போய்விடும், மிராசுதார் காதுக்கு எட்டிவிடும், மறுபடி வேன் வரும் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றியது.

“அம்மா, இது பட்டாவுக்கு இல்லம்மா. ரோடு போட இடிக்கிற வூட்டுக்குப் போடுற குறி.”

பூ செருகிய வீட்டுக்காரி மெதுவாகக் கேட்டாள்: “இதுக்கா தம்பி தினம் வௌக்கு வச்சேன்?”

ஓவர்சியர் என் பக்கம் திரும்பினார். “யாருய்யா அந்தம்மா?”

“எங்கம்மா சார்.”

அவர் திட்டவில்லை. செயினைச் சுருட்டச் சொன்னார். ஜீப்பில் ஏறியபின், “மூணுல ஒண்ணுதானேய்யா. அதுக்குள்ள ஊரையே கலக்கிட்டியே” என்றார். நான் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் முதலில் சாணியை அள்ளினாள். வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

என் வேலை போகவில்லை. வேறு ஊர்களின் வரைபடங்களை மட்டும் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரின் மூன்று யோசனைகளும் மெட்ராஸிலிருந்து பதில் வராமல் பீரோவில் கிடக்கின்றன. அந்தப் பீரோ திறக்கும் சத்தம் கேட்டால் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய், எந்தத் துணியை எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.