ஐந்தாம் ஸ்பீக்கருக்கு இட்ட கையெழுத்து

புது மெஷின் ஒன்று முதல்முறை சூடேறும்போது, வார்னிஷும் அரக்கும் கலந்தாற்போல ஒரு வாசனை அதன் மேல்துளைகளிலிருந்து எழும். கொல்லிமலையின் மூடுபனி முற்பகலிலேயே சன்னல் வழியே உள்ளே வந்து நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எங்கள் அரசுக் குடியிருப்பின் முன்னறையில் அந்த வாசனையை முதன்முதலாக முகர்ந்தேன். நாள், கிழமை, வானிலை மூன்றையும் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துவைக்கும் பழக்கம் எட்டாம் வகுப்பிலேயே எனக்கு இருந்ததால், அது ஆடி இரண்டாம் ஞாயிறு, பத்தரைக்குக் கரண்ட் வந்தது, மழை இல்லை, பனி உண்டு என்று இன்றும் சொல்ல முடிகிறது.

அப்பா தோட்டக்கலைத் துறையில் அலுவலர். அம்மா ஆலத்தூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. கீழ்நாட்டிலிருந்து மாறுதலாகி வந்தவர்கள் பெரும்பாலும் "கீழ எறங்க" மனு எழுதியபடியே நாள் கழிப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. அம்மாவுக்கு அந்தப் பள்ளி அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. ஆனால் அந்த ஆண்டு சித்திரையில், விருப்ப ஓய்வு கேட்டு ஒரு விண்ணப்பத்தை எழுதிக் கையெழுத்துமிட்டு, தேதி மட்டும் போடாமல், தன் பாடக்குறிப்பேட்டுக்குள் அவர் மடித்துவைத்திருந்ததைப் பார்த்தேன். தேதி இல்லாத காகிதம் என்பதாலேயே அது என்னை உறுத்தியது. அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டதற்கு அம்மா, மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆவணியில் கொடுத்துவிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்பா அதை நம்பவில்லை. அம்மா கொஞ்ச நாளாக மாலையில் டிவி பார்ப்பதையும் விட்டிருந்தார். கேட்டால், பேசுவது விளங்கவில்லை, "கொழகொழ"வென்று கேட்கிறது என்பார். சத்தத்தைக் கூட்டினால் இசை மட்டும் கூடி, பேச்சு இன்னும் கீழே அமுங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்த அப்பா, மலையின் தனிமைதான் இவருக்கு நோய் என்று முடிவு கட்டினார். ஆவணிக்குள் வீட்டுக்கு ஒரு "ஹோம் தியேட்டர்" வந்துவிட வேண்டும், வந்தால் இவர் கீழே போகும் பேச்சை விட்டுவிடுவார் என்பது அவர் கணக்கு.

அரசு ஊழியர் ஒரு பொருளை வாங்கும் முறையில்தான் அப்பா எதையும் வாங்குவார். சேலத்தில் மூன்று கடைகளில் மூன்று "கொட்டேஷன்" வாங்கி, நீளத்தாளில் கட்டம் போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தார். எத்தனை ஸ்பீக்கர், குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுமா, பழுதானால் யார் பார்ப்பது என்று பதினொரு கேள்விகள். முதல் கடையின் ரிசீவர், அதாவது எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, சத்தத்தில் பெரியது; இரண்டாவதில் வண்ண விளக்குகள் அதிகம். மூன்றாவது ஒரு கருத்த, கனத்த பெட்டி, பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அதன் கடைக்காரர் ஒரு விஷயம் சொன்னாராம்: படத்தில் ஆட்கள் பேசுவது பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும், இந்த ரிசீவரில் அதை மட்டும் தனியாக ஏற்றலாம். அப்பா அந்தக் கட்டத்தின் அடியில் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டார்.

பட்டியலை எட்டிப் பார்த்த அம்மா, "பொண்ணு பாக்க வந்தப்பக்கூட உங்க ஊட்டுல இத்தனை கேள்வி கேக்கலீங்க" என்றார்.

"அப்பக் கேட்டிருந்தா நீ சரின்னு சொல்லியிருக்க மாட்டியே புள்ள" என்று அப்பா தலை நிமிராமல் சொன்னார்.

ரிசீவர் மலையேறியது பஸ்ஸில். ஸ்பீக்கர்களின் அட்டைப்பெட்டி கடைசி சீட்டுக்கடியில் போயிற்று. ரிசீவரை மட்டும் அப்பா எழுபது வளைவுக்கும் மடியிலேயே வைத்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் ஒருபக்கம் சாய, பெட்டியை மறுபக்கம் நான் பிடித்துக்கொள்வேன். கண்டக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், இப்படி அடைகாத்துட்டு வாரீங்களே, உள்ள முட்டைங்களா?" என்று கேட்டார். முட்டையென்றால் உடைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா பதில் சொன்னார்.

பொருத்துவதில்தான் சிக்கல். அரசுக் குடியிருப்பின் சுவரில் அனுமதியில்லாமல் ஆணி அடிக்கக் கூடாது. ஓர் ஆணிக்காக மனு எழுதி ஆறு மாதம் காத்திருந்தவர்கள் எங்கள் வரிசையில் உண்டு. அதனால் ஒயர்களைச் சுவரோரமாகவும் வாசற்படியைச் சுற்றியும் தரையிலேயே இழுத்தோம். சிவப்பு சிவப்போடு, கருப்பு கருப்போடு என்று நான் ஒவ்வொன்றாக முறுக்கிக் கொடுக்க, அப்பா ரிசீவரின் முதுகில் சொருகினார். அம்மாவின் நாற்காலிக்கு இடப்பக்கம் பின்னால் நிற்க வேண்டிய ஸ்பீக்கருக்கு மட்டும் ஒயர் இரண்டு முழம் போதவில்லை. சந்தைக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று அதை அப்படியே விட்டோம். அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு இது தெரியாது.

அடுத்தது "அக்செப்டன்ஸ்". வந்த பொருள் வேலை செய்கிறது என்று அதை வாங்கியவரே சான்று எழுதக் கூடாது, பயன்படுத்தப் போகிறவர்தான் எழுத வேண்டும் என்பது அலுவலக முறை. அப்பா ஒரு தாளில் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிப்பெழுதவும் கையெழுத்திடவும் இடம் விட்டு, அம்மாவை அழைத்து நடு நாற்காலியில் உட்காரவைத்தார். குறையிருந்தால் குறையையே எழுதலாம் என்றும் சொன்னார். ரிசீவரில் சோதனைக்கென்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், சில்வர் ஓக் தோப்பில் காற்று புகுந்தாற்போல "ஷ்ஷ்ஷ்" என்ற ஒலி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சில நொடிகள் நின்று அடுத்ததற்குப் போகும். எந்த ஸ்பீக்கர் என்று பெட்டியின் முகப்பில் நீல எழுத்து மாறும்.

அழுத்தினேன். முன் இடது: அம்மா "கேட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். நடு, முன் வலது, பின் வலது, எல்லாம் அப்படியே. ஐந்தாவதாக நீல எழுத்து மாறியது. அறையில் ஓர் ஒலியும் இல்லை. சுவர்க்கடிகாரம் மட்டும் கேட்டது.

அம்மா "கேட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆறாவது ஸ்பீக்கர் தரையதிர உறுமி ஓய்ந்த பிறகு, ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார்.

"அஞ்சாவதுக்கு இன்னும் ஒயரே குடுக்கல புள்ள."

அம்மா பேனாவை மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தேன்; படவில்லை. காதைக் கொண்டல்ல, நீல எழுத்தைக் கொண்டே அவர் கையெழுத்திட்டிருந்தார். பள்ளியில் குழந்தைகளின் வாயசைவைப் பார்த்தும் இப்படித்தான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"பின்னால இருந்து புள்ளைங்க டீச்சர்னு கூப்புடறது ரெண்டு வருசமா எனக்குக் கேக்கறதில்லீங்க" என்றார். "கூப்பிட்டா திரும்பாத டீச்சர் அதுங்களுக்கு எதுக்குங்க?"

அப்பா நாற்காலிக்குப் பின்னால் போய், அந்த ஊமை ஸ்பீக்கர் அருகே தரையில் உட்கார்ந்தார். பிறகு, பின்னாலிருந்து பேசினால் கேட்காதே என்று நினைவு வந்தவர்போல, எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஆறுல ஒண்ணுக்கு ஒயர் எட்டலைன்னா செட்டையே கடைக்குத் திருப்பிக் குடுத்துருவமா? ஒயர் வாங்கிப் போடுவோம் புள்ள."

அந்த வாரமே நாமக்கல்லில் காது மருத்துவரிடம் போனார்கள். இடது காதின் நரம்பு தளர்ந்திருந்தது, வலது ஓரளவு தேவலாம். காதுக்குக் கருவி வைத்துக்கொண்டு பழகினால் வகுப்பெடுக்கலாம் என்றார் அவர். கருவி உடனே ஒத்துவரவில்லை. தட்டு விழுவது இடி விழுவதாகக் கேட்கிறது என்று அம்மா பலமுறை கழற்றி வைத்தார். இடையில் நடு ஸ்பீக்கரை நான்கு படி ஏற்றிவைத்தோம். மாலைத் தொடரின் மாமியார் பேசியது முதல் நாளே தெளிவாகக் கேட்டது. சற்று நேரம் கவனித்த அம்மா, "இவ பேசறது இதுதானா? கேக்காமயே இருந்திருக்கலாம் கண்ணு" என்றார்.

ரிசீவரோடு வந்த கையேட்டில், நாற்காலியில் இருப்பவரின் தலையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, சுற்றிலும் ஸ்பீக்கர்கள் நிற்க வேண்டிய இடங்களைக் காட்டும் படம் ஒன்று இருந்தது. அதை அம்மா இரண்டு மூன்று நாள் எடுத்து எடுத்துப் பார்த்தார். அடுத்த திங்களன்று வகுப்பின் பெஞ்சுகளை அரைவட்டமாகத் திருப்பிப் போடச் சொன்னார். ஆய்வுக்கு வருபவர்கள் கேட்பார்களே என்று தலைமையாசிரியர் முணுமுணுத்தாராம். கேட்டால் கேட்கட்டும், எனக்கும் கேட்க வேண்டுமே என்றாராம் அம்மா. அன்றிலிருந்து அந்த வகுப்பில் பின்பெஞ்சு என்று ஒன்று இல்லை.

ஆவணி வந்தது, போயிற்று. விண்ணப்பம் போகவில்லை. வயது நிறைந்துதான் அம்மா அந்த மலையிலிருந்து ஓய்வுபெற்றார்.

இப்போது இருவரும் அடிவாரத்து வீட்டில் இருக்கிறார்கள். டிவிக்குக் கீழே ஸ்கேல் போல ஒரே ஒரு நீள ஸ்பீக்கர். ஒயர் இல்லை, முழம் போடும் வேலையும் இல்லை. ரிசீவரின் நீல எழுத்து ஒருநாள் மங்கி அணைந்தது. அம்மாவின் கருவி ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறார், சில நேரம் வேண்டுமென்றே திரும்புவதில்லை.

அப்பாவின் கோப்பு என்னிடம் இருக்கிறது. சான்றுத் தாளின் ஐந்தாம் எண்ணில் அம்மாவின் "கேட்டது" அடிக்கப்பட்டு, "கேட்கவில்லை" என்று மாற்றி எழுதி, கையெழுத்தும் தேதியும் இடப்பட்டிருக்கின்றன. அதன் கீழேயே, ஒயரும் கருவியும் வந்த பின் மார்கழியில் ஒரு நாள், மீண்டும் "கேட்டது". அடுத்த தாள் விருப்ப ஓய்வு விண்ணப்பம். அதன் பின்பக்கத்தில் அம்மா பென்சிலால் ஓர் அரைவட்டம் வரைந்து, பெஞ்சுக்குப் பெஞ்சு குழந்தைகளின் பெயர்களை எழுதியிருக்கிறார். அந்தக் கோப்பில் தேதி இல்லாத காகிதம் அது ஒன்றுதான். நான் அதற்குத் தேதி போடவில்லை.